கொழுந்து ஏத்துன கரண்டுப் படகு

என் தங்கச்சி புருஷன் கங்காணியோட தாடையை உடைச்ச அன்னிக்குத்தான் அந்தப் படகு வேலை என் தலையில வந்து விழுந்துச்சு. கொழுந்து நிறுக்கிற இடத்துல நடந்த கதை. நல்ல மழை. தங்கச்சி கூடையைத் தராசுக்குத் தூக்குறா, கங்காணி "முத்தலும் குச்சியுமா பிச்சுக் கொண்டாந்திருக்கா பாரு, மூதேவி"ன்னு கூடையை ஓங்கி ஒரு எத்து எத்துனான். அம்புட்டுக் கொழுந்தும் சேத்துல. அவ குனிஞ்சு பொறுக்கப் போனா, அவ கை மேல செருப்புக் காலை வச்சு நின்னான். மாப்பிள்ளை தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியைக் கீழ வச்சுட்டு வெறுங்கையால ஒரே குத்து. கத்தியைக் கீழ வச்சானே, அந்த மட்டுக்கும் புண்ணியம். நான் அப்ப பேக்டரியில இருந்தேன். அங்க இருந்திருந்தா ரெண்டு பக்கத் தாடையும் போயிருக்கும்.

தோட்டத்துல கங்காணி மேல கை வச்சவனுக்குப் பத்துச்சீட்டுதான். அந்தத் துண்டுக் காயிதத்தைக் கையில குடுத்துட்டா வேலை போச்சு, லயத்து வீடு போச்சு, பொண்டாட்டி வேலையும் சேர்ந்து போச்சு. வேற தோட்டத்து வாசல்ல போய் நின்னா, "அங்கேருந்து ஏன்டா வெரட்டுனாங்க?"ன்னுதான் மொதக் கேள்வி வரும். குடியுரிமை இல்லாத சனம் நாங்க, யார்கிட்டப் போய் முறையிடுறது? தங்கச்சிக்கு இடுப்புல ஒண்ணு, வயித்துல ஒண்ணு. சீட்டு வந்தா அவ ரோட்டுலதான் நிக்கணும்.

ஆனா தோட்டத்தை நடத்துற துரை உடனே சீட்டுக் குடுக்கல. இரக்கமெல்லாம் ஒரு மண்ணும் இல்ல, அவருக்கு ஒரு தொல்லை இருந்துச்சு. கரண்டு எடுக்கக் கீழ ஆத்தை மறிச்சு அணை கட்டுனாங்க. தண்ணி ஏறி எங்க தோட்டத்துக் கீழ்ரோட்டையே முழுங்கிருச்சு. அக்கரை டிவிசன் தனியாப் போச்சு. தங்கச்சி குடியிருந்த லயம் அங்கதான். பேக்டரி, பங்களா, டிஸ்பென்சரி எல்லாம் இக்கரையில. அக்கரைக் கொழுந்து மலையைச் சுத்தி லொறியில வந்து சேர்றதுக்குள்ள சாக்குக்குள்ளேயே சூடேறிச் சிவந்து போயிடும். துடுப்புப் போட்டு வந்தாலும் அதே கதி. பெட்ரோல் எஞ்சின் பூட்டிப் பாத்தாங்க, படகு பறந்துச்சு. ஆனா எங்க டீமேக்கர், அவர்தான் தேயிலைக்குப் பொறுப்பு, ஒரு கை கொழுந்தை அள்ளி மோந்து பாத்துட்டு அப்படியே துரை காலடியில வீசுனாரு. "இது தேயிலையா, பெட்ரோலாங்க?"ன்னு கேட்டாரு. கொழுந்து அப்படித்தான். பக்கத்துல என்ன வாசம் இருந்தாலும் இழுத்துக்கும், அப்புறம் எந்த அடுப்புல காய வச்சாலும் அந்த வாசம் போகாது.

நான் பேக்டரியில தண்ணிச் சக்கரமும் மோட்டாரும் பாக்கிறவன். துரை என்னையும் மாப்பிள்ளையையும் ஆபீஸ் முன்னால நிறுத்துனாரு. "நீ கரண்டுல படகு செய். இவன் ஓட்டு. ஆயுத பூசைக்கு மறுநாள் அக்கரைக் கொழுந்து நாத்தம் இல்லாம வரணும். வந்தா இவன் படகுக்காரன். வராட்டி சீட்டு." அவரோட தமிழே அம்புட்டுதான். மாப்பிள்ளை அணை கட்டுறப்போ தெப்பம் தள்ளுனவன், தண்ணியைப் பாத்து மிரள மாட்டான். தாடையில கட்டுத் துணியோட நின்ன கங்காணி காறித் துப்பிட்டுப் போனான்.

மோட்டார் ஒரு பிரச்சினையே இல்ல. பேக்டரியில பழைய டிசி மோட்டார் ஒண்ணு தூங்கிக்கிட்டு இருந்துச்சு. பேட்டரியிலதான் எங்க ரெண்டு பேருக்கும் அடிதடி. மாப்பிள்ளைக்கு லொறி பேட்டரிதான் வேணும். "பாரம் கம்மி மச்சான், படகு மெதக்கும், சும்மா பாயும்"னு ஒத்தக் கால்ல நின்னான். "டேய், அது எஞ்சினை ஒரு உதை உதைச்சு எழுப்புறதுக்குச் செஞ்ச சாமான். ஒரு நிமிசம் மலையைத் தூக்கும், அப்புறம் மல்லாந்துரும்"னு சொன்னேன். கேட்டாத்தானே? அவனுக்கு அவசரம். சரி, பட்டுத் தெரியட்டும்னு ரெண்டு லொறி பேட்டரியைப் பூட்டிக் கொழுந்துச் சாக்கையும் ஏத்துனோம்.

பாஞ்சுச்சு, பொய் சொல்லக் கூடாது. நடுத்தண்ணி வரைக்கும் பாஞ்சுச்சு. அங்க போய் மோட்டார் முனகி நின்னுபோச்சு. காத்து படகை அணைக்கட்டுப் பக்கமாத் தள்ளிக்கிட்டே போகுது. "நீ கம்பியை ஒழுங்காப் பூட்டல"ன்னு அவன் கத்துறான். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிருச்சு. துடுப்பைத் தூக்கி அவன் தோள்ல வச்சேன் ஒண்ணு. அவன் என் கழுத்தைப் பிடிச்சான். படகு ஆடுது, சாக்கு ரெண்டு தண்ணிக்குள்ள போகுது, நாங்க ரெண்டு பேரும் கட்டிப் புரள்றோம். அணைச் சுவர் கிட்ட வந்தப்புறம்தான் புத்தி வந்துச்சு. மூக்குல ரத்தம் ஒழுக ஒழுக ஆளுக்கொரு துடுப்பாப் போட்டுக் கரைக்கு வந்தோம். "இனிமே பேட்டரி உன் இஷ்டம் மச்சான்"னான்.

பங்களாவுல பழைய லைட்டுச் செட்டு ஒண்ணு கெடந்துச்சு. லைன் கரண்டு வர்றதுக்கு முந்தி துரை வீட்டுக்கு வெளக்கெரிச்சது. எண்ணெய் எஞ்சின், டைனமோ, வரிசையாக் கண்ணாடி ஜாடியில பேட்டரி. ஜாடிகள் நல்லாச் சார்ஜ் பிடிக்கும். ஆனா படகு ஒரு கல்லுல தட்டுனா போதும், அத்தனையும் சில்லுச் சில்லாப் போயிடும். அதை விட்டுட்டு அட்டன் டவுனுக்குப் போனேன். அங்க பழைய சாமான் கடையில ரயில் பெட்டிக்கு வெளக்கெரிச்ச பேட்டரிகள் மரப்பெட்டியோட கெடந்துச்சு. ஒவ்வொண்ணும் ஒரு ஆள் பாரம். தகடு தடிச்சது. கொஞ்சம் கொஞ்சமா நாளெல்லாம் குடுக்கும், அடிவரைக்கும் எறங்கினாலும் சாகாது. படகுக்கு அதுதான் சரி. பாரத்தை அடியில தாழ்வா வச்சுட்டா படகும் ஆடாது.

கடை முதலாளி மீட்டரை வச்சு முள்ளைக் காட்டுனாரு. சும்மா கெடக்கிற பேட்டரி எல்லாமே முள்ளைத் தூக்கும், அதை நம்புனா நாசம்தான். ஒவ்வொண்ணுலயும் லொறி ஹெட்லைட்டைத் தொங்க விட்டுக் குந்திக்கிட்டேன். மங்குனதை எல்லாம் காலால எத்தி ஒதுக்குனேன். "மொகத மே கரன்னே?"ன்னு, என்னடா பண்றேன்னு சிங்களத்துல கேட்டுக்கிட்டு முதலாளி எகிறிக்கிட்டு வந்தாரு. நானும் எந்திரிச்சேன். சட்டையைப் பிடிச்சுக்கிட்டு நின்னோம், கடையில இருந்தவங்க வந்து பிரிச்சு விட்டாங்க. ஆனா மங்காத பேட்டரியாப் பாத்துத்தான் லொறியில ஏத்துனேன்.

அடுத்தது சார்ஜ் ஏத்துறது. பங்களா எஞ்சினையும் டைனமோவையும் பேக்டரிக்குப் பின்னால வச்சு ஓட்டுனேன். பொகை காத்துல சுழண்டு, கொழுந்து வாட வச்சிருந்த மாடிக்கே போயிருச்சு. டீமேக்கர் மண்வெட்டியைத் தூக்கிக்கிட்டு வெரட்டுனாரு பாருங்க, நான் ஓடுன ஓட்டத்துக்கு அளவில்ல. அப்புறம் எஞ்சினைத் தூக்கிப் போட்டுட்டு, டைனமோவை மட்டும் தண்ணிச் சக்கரத்தோட தண்டுல பெல்ட்டுப் போட்டுப் பூட்டுனேன். தண்ணிக்கு வாசம் ஏது? மொத நாள் சக்கரத்தை நிறுத்துனதும் பேட்டரி கரண்டு திரும்பி டைனமோவையே சுத்திவிட்டுருச்சு. எதிர்பாக்கல, கையை வச்சுட்டேன். பெல்ட்டு ஒரு நகத்தைப் பிச்சுக்கிட்டுப் போச்சு. வலி தாங்காம அந்த டைனமோவையே கல்லால ரெண்டு போட்டேன். அப்புறம் லொறியிலேருந்து கட்டவுட்டுன்னு ஒரு சாமானைக் கழட்டி நடுவுல பூட்டுனேன். சார்ஜ் போகும், திரும்பி வராது.

படகு ஓடுச்சு. சத்தமே இல்லாம ஓடுச்சு. வெறும் படகாப் போய் வந்தோம், கல்லை ஏத்திக்கிட்டுப் போய் வந்தோம். மாப்பிள்ளை மொகத்துல அப்பத்தான் சிரிப்பைப் பாத்தேன். தங்கச்சி லயத்துக்குச் சாணி போட்டு மெழுகுனா, வெள்ளையடிக்கணும்னா. இனிமே அங்கதான் இருக்கப் போறோம்னு அவளுக்கு ஒரு தைரியம்.

ஆயுத பூசை அன்னிக்குப் பேக்டரி ஓடாது. தண்ணிச் சக்கரத்தோட முழுப் பலமும் எனக்குத்தான். மறுநாள் கொழுந்து ஏத்தணுமே, விடிஞ்சதுலேருந்து வம்படியாச் சார்ஜ் ஏத்துனேன். பேட்டரிக்குள்ள தண்ணி குமிழ் குமிழாப் பொங்குச்சு. அந்தக் குமிழுல வர்ற வாயு நெருப்பைக் கண்டா வெடிக்கும். மாப்பிள்ளைகிட்ட ஆயிரம் தடவை சொல்லியிருக்கேன், பீடி கூடாது, நெருப்புக்குச்சி கூடாது, லாந்தர் கூடாதுன்னு. அவனும் படகுல கால் வைக்கிறதுக்கு முந்தியே பீடியைத் துப்பிடுவான். பேட்டரிப் பெட்டியை மூடி, தண்ணி தெறிக்காம ரப்பர் வச்சு இறுக்கி, ரெண்டு பேரும் அக்கரைக்குப் போனோம். பூசை அங்க.

டிவிசனே கரையில நின்னுச்சு. கவ்வாத்துக் கத்தி, மண்ணைக் கிளர்ற முள்ளு, கூடை எல்லாம் கழுவிச் சந்தனம் வச்சு அடுக்கியிருந்தாங்க. படகுக்கும் பொட்டு, மாலை. ஒரு பெரியவர் எலுமிச்சம்பழத்தைக் கையில வச்சுக்கிட்டு, "லொறின்னா சக்கரத்துக்கு அடியில வைக்கலாம், இதுக்கு எங்கடா வைக்கிறது?"ன்னு கேட்டாரு, எல்லாரும் சிரிச்சோம். தங்கச்சி கற்பூரத் தட்டைக் கொண்டாந்து மாப்பிள்ளை கையில குடுத்தா. அவன் படகு முன்னால மூணு சுத்துச் சுத்துனான். மோட்டாருக்குச் சுத்துனான். "இதோட உசுரே பேட்டரிலதான இருக்கு, அதுக்குக் காட்ட வேணாமா?"ன்னு யாரோ சொன்னாங்க. வேணும்னுதான் எனக்கும் பட்டுச்சு. கையைக் கூப்பிக்கிட்டு நின்னேன். பீடியை நெருப்புன்னு தெரிஞ்சிருந்த எங்க ஒருத்தருக்கும் கற்பூரம் நெருப்புன்னு தோணல. அது சாமி. மாப்பிள்ளை மூடியை ஒரு சாண் தூக்கித் தட்டை உள்ள நீட்டுனான்.

அடேயப்பா, அந்தச் சத்தம்! மூடி ஆகாசத்துல போச்சு. மரச் சிலாம்பு, ஈயத் துண்டு, ஆசிட்டு எல்லாம் ஒண்ணா அவன் மூஞ்சியில. அவன் கத்துன கத்தல் மலையில பட்டுத் திரும்பி வந்துச்சு. ரெண்டு கையாலயும் கண்ணைத் தோண்டி எடுக்கிற மாதிரி தேய்க்கிறான். தேய்ச்சா போச்சு. நான் அவன் மயிரைப் பிடிச்சு இழுத்துத் தண்ணிக்குள்ள தள்ளி, தலையை முக்குனேன். தூக்குனேன், விரலால இமையைப் பிளந்தேன், மறுபடி முக்குனேன். மூச்சு முட்டி என்னைய உதைக்கிறான், என் விரலை எலும்பு வரைக்கும் கடிச்சுட்டான். விடல. ஒரு அறை விட்டு மறுபடியும் முக்குனேன்.

பாத்தவங்களுக்கு எனக்குப் பைத்தியம் பிடிச்சு அவனைக் கொல்றேன்னு தோணியிருக்கு. யாரோ கல்லை எடுத்து அடிச்சாங்க. தங்கச்சி துடுப்பைத் தூக்கி என் முதுகுல போட்டா. "அண்ணே, கொல்லாதண்ணே! அவுரை விட்ருண்ணே!"ன்னு அலறி அலறி அடிக்கிறா. வயித்துப் புள்ளக்காரியை முழங்கையால தள்ளிவிட்டேன். "ஆசிட்டுடீ! கழுவாட்டி ரெண்டு கண்ணும் போயிரும்டீ!"ன்னு கத்துனப்புறம்தான் துடுப்பைக் கீழ போட்டா. அப்புறம் அவளே தண்ணிக்குள்ள எறங்கி அவன் கையைப் பிடிச்சுக்கிட்டா.

டிஸ்பென்சரி எதிர்க்கரையில. துடுப்புப் போட்டா எப்பப் போய்ச் சேர்றது? பெட்டிக்குள்ள பாதி பேட்டரி பிளந்து ஒழுகுது. உடைஞ்சதை எல்லாம் கழிச்சுட்டு, தப்புனதை மட்டும் கம்பி போட்டு இணைச்சேன். கையுறை ஏது? ஆசிட்டு விரலைத் தின்னுச்சு, நான் கெட்ட வார்த்தையா கொட்டிக்கிட்டே முடுக்குனேன். இவனைத் திட்டுனேனா, சாமியைத் திட்டுனேனா, இன்னிக்கும் தெரியல. சுவிட்சைப் போட்டேன். மோட்டார் சுத்துச்சு, ஆனா அரைப் பலம்தான். அவன் படகு அடியில கெடந்து துடிக்கிறான். தங்கச்சி தகர டப்பாவால அணைத் தண்ணியை மோந்து மோந்து அவன் மூஞ்சில ஊத்திக்கிட்டே வர்றா. நான் படகை, "ஓடு சனியனே, ஓடு"ன்னு குத்திக்கிட்டே வந்தேன். இக்கரைப் பலகைத் துறையில துரை நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு.

டிஸ்பென்சரியில டாக்டரையா கழுவி மருந்து போட்டுட்டுச் சொன்னாரு, ஒரு கண் தப்பிரும், ஒண்ணு முடிஞ்சுதுன்னு. தண்ணியில முக்காம விட்டிருந்தா ரெண்டும் போயிருக்கும்னும் சொன்னாரு. தங்கச்சி என் முதுகைத் தொட்டுப் பாத்தா. சாயங்காலமே, ஒரு நாளைக்காவது தாங்கட்டும்னு லொறி பேட்டரிகளைக் கழட்டிக் கொண்டாந்து உடைஞ்ச எடத்துல பூட்டி, படகைச் சார்ஜுக்குப் போட்டேன். மறுநாள் கொழுந்து வந்தாகணுமே.

காலையில ஆபீஸ் முன்னால போய் நின்னோம். மாப்பிள்ளை ஒரு பக்கக் கண்ணுல கட்டு, மூஞ்சியெல்லாம் கொப்புளம், ஆனா நேரா நின்னான். படகு சுவிட்சோட இரும்புக் கைப்பிடி என் கையில இருந்துச்சு. அக்கரையில கொழுந்து பறிச்சுக் கரைக்குக் கொண்டாந்துட்டாங்கன்னு தகவல் வந்திருச்சு. துரை என்னையப் பாத்து, "படகு ஓடுச்சு. நல்லது. நீதான் படகுக்காரன்"னாரு. மாப்பிள்ளையைப் பாத்து, "ஒரு கண் வேலைக்கு ஆகாது. சீட்டு"ன்னாரு.

"தொரைங்க, சொன்ன சொல்லு என்னாச்சுங்க? படகு ஓடுனா இவன்தானுங்களே?"ன்னேன். "படகு ஓடணும், அதுதான் சொன்னது"ன்னாரு. அப்பத்தான் பின்னால கங்காணி சிரிச்சான். "ஒத்தக் கண்ணனுக்கு என்னத்துக்குடா லயம்? கோயில் வாசல்ல பொண்டாட்டி புள்ளையோட குந்த வையி, காசு நல்லா விழும்"னான்.

நான் யோசிச்சு அடிக்கல. யோசிச்சேன்னு சொன்னா அது பொய். திரும்புனேன், கையில இருந்த இரும்பு அவன் தாடையில எறங்குச்சு. மாப்பிள்ளை விட்டு வச்சிருந்த பக்கம். பல்லு ரெண்டு என் சட்டையில ஒட்டுச்சு. அவன் விழுந்தப்புறமும் ரெண்டு போட்டேன். காவக்காரனுங்க ஓடியாந்து கம்பால என் கால், இடுப்பு, தலைன்னு பாக்காம வெளுத்தாங்க. என்னையச் சுத்தி ஒரே கூச்சல். துரை கையை ஆட்டி நிறுத்துனாரு. உள்ள போனாரு, திரும்பி வந்து சீட்டை என் நெஞ்சு மேல போட்டாரு. "இன்னிக்கே வெளியே"ன்னாரு.

மாப்பிள்ளைக்கு எழுதுன சீட்டு அவர் கையிலேயே இருந்துச்சு. அவன் அதைத் திரும்பிக்கூடப் பாக்கல. குனிஞ்சு இரும்புக் கைப்பிடியை எடுத்தான், கட்டியிருந்த சாரத்துல ரத்தத்தைத் துடைச்சான். "கொழுந்து சூடேறுதுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டுத் துறைக்கு எறங்கிப் போனான். அந்த நேரத்துல அந்தப் படகைத் தொடத் தெரிஞ்சவன் தோட்டத்துல அவன் ஒருத்தன்தான். துரை அவன் போறதையே பாத்துக்கிட்டு நின்னாரு, கூப்பிடல.

மொத நடையில வந்த கொழுந்தை டீமேக்கர் மோந்து பாத்தாரு. எல்லாரும் அவர் மூஞ்சியைப் பாக்குறோம். "ஏத்துங்கடா மாடிக்கு"ன்னாரு. துரை கையில இருந்த சீட்டை மடிச்சுச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு.

சாமானைக் கட்டிக்கிட்டு, தங்கச்சிகிட்டச் சொல்லிட்டு வர அக்கரைக்குப் போனேன். அவ என் நெஞ்சுல குத்தி அழுதா. "அவன் சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான், உன்னைய யாருண்ணே அடிக்கச் சொன்னா? நீ எங்கண்ணே போவ?" எனக்குத் தெரியல. "ராகலைப் பக்கம் மோட்டார் வேலை இருக்காம்"னு வாய்க்கு வந்ததைச் சொல்லி வச்சேன். இடுப்பு வலி உசுரு போகுது, அழுகையும் வருது, ஆனா நெஞ்சுல ஒரு எடத்துல நிம்மதி. அவ அடுப்பு அவ எடத்துலேயே எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

கடைசி நடையில கொழுந்துச் சாக்கு மேல உக்காந்து திரும்புனேன். மாப்பிள்ளை படகு ஓட்டுனான். நடுத்தண்ணியில மூஞ்சியைத் திருப்பாமக் கேட்டான், "நீ வெளியே போக, அந்த வீட்டுல இனி நான் எப்படி மச்சான் படுப்பேன்?"

"கதவைச் சாத்திக்கிட்டுப் படு. புள்ளைக்குக் குளிரும்"னேன்.